முட்டைத் திருடனும் பெரிய அம்மாவும்

ஓர் எலும்புக்கூட்டை வைத்து அது ஆணா பெண்ணா என்று சொல்வது, டைனோசர்களைப் பொறுத்தவரை, பெரும்பாலும் இயலாத காரியம். முட்டையிடும் பருவத்தில் பெண் பறவைகளின் எலும்புக்குள் கால்சியத்தைச் சேமித்து வைக்கும் தற்காலிகத் திசு ஒன்று உருவாகிறது. அதை ஒத்த திசுவை 2005இல் மேரி ஷ்வைட்சரும் அவருடைய குழுவினரும் ஒரு டைரனோசாரஸ் ரெக்ஸின் தொடையெலும்பில் கண்டார்கள்; அது பெண் என்று சொன்னார்கள். இப்படி உறுதியான தடயத்தோடு கிடைத்தவை மிகக் குறைவு. உலகப் புகழ்பெற்ற ‘சூ’ என்ற டைரனோசாரஸ் எலும்புக்கூடு, அதை 1990இல் தெற்கு டகோட்டாவில் கண்டெடுத்த சூ ஹென்ட்ரிக்சன் என்ற பெண்ணின் பெயரைத் தாங்கி நிற்கிறது. அந்த விலங்கு ஆணா பெண்ணா என்பது இன்றுவரை தெரியாது.

டைனோசர் ஓவியங்களைப் பார்த்தால் இப்படி ஒரு சிக்கல் இருப்பதாகவே நமக்குத் தோன்றாது. வாயைப் பிளந்து உறுமுவது ஆண். பாறைமேல் ஏறி நின்று சமவெளியைப் பார்ப்பது ஆண். கூட்டின் அருகே கழுத்தைத் தாழ்த்தி, குஞ்சுகளை முகர்ந்துகொண்டிருப்பது பெண். படத்தின் அடியில் யாரும் இதை எழுதிவைப்பதில்லை. எழுதாமலே நமக்குப் புரிந்துவிடுகிறது. எழுதாமலே புரியும் விஷயங்களைத்தான் பெண்ணியம் முதலில் சந்தேகிக்கக் கற்றுக்கொடுத்தது. அந்தச் சந்தேகத்தோடு தொல்லுயிர் ஓவியங்களைப் பார்ப்பதே இந்தக் கட்டுரையின் வேலை.

தொல்லுயிர் ஓவியம் என்று நான் சொல்வது, புதைபடிவச் சான்றுகளைக் கொண்டு அழிந்துபோன உயிர்களை வரைந்தோ வடித்தோ காட்டும் கலையை. பேலியோஆர்ட் என்கிறார்கள். ஓவியர் எலும்பில் தொடங்குகிறார். எலும்பின் மேல் தசை ஒட்டியிருந்த தழும்புகளைப் பார்த்துத் தசையைப் போடுகிறார். தசைக்கு மேல் கொழுப்பு, தோல், செதில் அல்லது இறகு. அதன்மேல் நிறம். பிறகு அந்த உடலை ஒரு நிலப்பரப்பில் நிறுத்தி, அதற்கு ஒரு செயலைக் கொடுக்கிறார். ஒவ்வொரு படியிலும் சான்று மெலிந்துகொண்டே போகிறது. எலும்பைப் பற்றி நிறையத் தெரியும். தசையைப் பற்றி ஓரளவு தெரியும். கொழுப்பைப் பற்றி மிகக் கொஞ்சம். நிறம் நீண்டகாலம் வெறும் ஊகமாகவே இருந்தது. இறகுகளில் எஞ்சியிருந்த நுண்ணிய நிறமிப் பைகளை ஆராய்ந்து, சைனோசாரொப்டெரிக்ஸ் என்ற சிறு டைனோசரின் வாலில் செம்பழுப்புப் பட்டைகள் இருந்தன என்று 2010இல்தான் சொல்ல முடிந்தது. நடத்தை என்ற கடைசிப் படியிலோ சான்று அநேகமாகத் தீர்ந்துபோகிறது. ஓவியர் வாழும் சமூகம் தூரிகையைப் பிடித்துக்கொள்ளும் இடம் அதுதான்.

பெண்ணியக் கட்டுரைத் தொகுப்பில் டைனோசருக்கு என்ன வேலை என்று கேட்கலாம். ‘இயற்கையே அப்படித்தான்’ என்ற வாக்கியத்தைக் கேட்காமல் வளர்ந்த பெண் நம்மில் யார்? ஆண் வெளியே போவான், பெண் உள்ளே இருப்பாள். ஆண் போராடுவான், பெண் பேணுவாள். மதத்தையும் சாதியையும் சாட்சிக்கு அழைக்கக் கூச்சப்படுகிறவர்கள்கூட இயற்கையைத் தயங்காமல் அழைப்பார்கள். அந்த இயற்கையை நமக்கு அறிமுகப்படுத்துவது பெரும்பாலும் படங்கள்: பாடப்புத்தகம், அருங்காட்சியகச் சுவர், குழந்தைகளின் ஸ்டிக்கர். 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன்பே குடும்பம் இப்படித்தான் இருந்தது என்று ஒரு படம் வாதம் செய்யாமலே நிறுவிவிடுகிறது. வாதம் செய்தால் மறுக்கலாம். படத்தை எப்படி மறுப்பது? முதலில் அதை யார், எதிலிருந்து, எதைக் கொண்டு வரைந்தார்கள் என்று கேட்க வேண்டும்.

அப்படிக் கேட்டுக்கொண்டு இந்தக் கலையின் தொடக்கத்துக்குப் போனால், அங்கே பெண்கள் நிறைந்திருக்கிறார்கள்.

அறிவியல் பெயர் பெற்ற முதல் டைனோசர் மெகலோசாரஸ். வில்லியம் பக்லண்ட் 1824இல் லண்டன் நிலவியல் சங்கத்தில் அதை அறிவித்தார். அந்தக் கட்டுரையோடு வெளியான புகழ்பெற்ற தாடையெலும்புப் படத்தை வரைந்தவர் மேரி மோர்லண்ட். அடுத்த ஆண்டு அவர் பக்லண்டை மணந்து மேரி பக்லண்ட் ஆனார். கணவருக்காகப் படம் வரைந்தார், உடைந்த படிவங்களை ஒட்டினார். 1832இல் பிரிட்டிஷ் அறிவியல் முன்னேற்றச் சங்கம் ஆக்ஸ்ஃபோர்டில் கூடியபோது, கட்டுரைகள் வாசிக்கப்படும் அமர்வுகளுக்குப் பெண்கள் வரக் கூடாது என்ற கருத்தைக் கடிதத்தில் எழுதியவர் அதே வில்லியம் பக்லண்ட். தன் வீட்டு மேசையில் அறிவியலுக்குப் படம் வரையும் பெண்ணை அவர் நாள்தோறும் பார்த்துக்கொண்டிருந்தார். கை தேவைப்பட்டது, ஆள் தேவைப்படவில்லை.

இக்வனடான் பல்லைக் கொண்டு புகழ்பெற்ற கிடியன் மான்டலின் 1822ஆம் ஆண்டுப் புத்தகத்துக்குப் படத்தகடுகளை உருவாக்கியவர் அவருடைய மனைவி மேரி ஆன் மான்டல். அமெரிக்காவில் எட்வர்ட் ஹிட்ச்காக் தன் மாணவர்களுக்குக் காட்டிய, துணியில் வரைந்த பெரிய பாடப்படங்கள் அவருடைய மனைவி ஓரா ஒயிட் ஹிட்ச்காக்கின் கைவேலை. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டன் பத்திரிகைகளுக்கும் ஹென்றி நைப்பின் புத்தகங்களுக்கும் தொல்விலங்குகளை வரைந்த ஆலிஸ் வுட்வர்ட், அருங்காட்சியக நிலவியல் துறைத் தலைவர் ஒருவரின் மகள். மனைவி, மனைவி, மனைவி, மகள். சங்கத்தின் கதவு மூடியிருந்ததால் வீட்டுக் கதவு வழியாக அறிவியலுக்குள் வந்தவர்கள் இவர்கள். லண்டன் நிலவியல் சங்கம் பெண்களை உறுப்பினர்களாக ஏற்றுக்கொண்டது 1919இல்.

அந்த வீட்டுக் கதவும் இல்லாதவர் மேரி ஆனிங். 1799இல் லைம் ரீஜிஸ் என்ற கடலோர ஊரில் தச்சர் ஒருவருக்குப் பிறந்தவர். சரிந்துவிழும் கடற்பாறைகளில் படிவங்களைத் தேடி எடுத்து விற்று வயிறு வளர்த்தார். இக்தியோசார், முழுமையான பிளீசியோசார், பறக்கும் டைமார்ஃபடான் என்று அவர் தோண்டியெடுத்தவற்றைப் பற்றிக் கனவான்கள் கட்டுரை எழுதினார்கள். 1830இல் அவருடைய நண்பரும் நிலவியலாளருமான ஹென்றி டி லா பீச், அந்த விலங்குகளையெல்லாம் ஒரே கடலில் உயிரோடு நீந்தவிட்டு ஒரு நீர்வண்ணப் படம் வரைந்தார். ‘துரியா ஆண்டிகுவியர்’ என்ற அந்தப் படம், தொல்லுலகம் ஒன்றை முழுக் காட்சியாகத் தீட்டிய முதல் ஓவியங்களில் ஒன்று. அது கல்லச்சில் பதிக்கப்பட்டு விற்கப்பட்டது. வருமானம், பணநெருக்கடியில் இருந்த ஆனிங்குக்குப் போனது. இது நல்ல செயல்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் இந்தக் கலையின் தொடக்கப் படங்களில் ஒன்று, ஒரு பெண்ணின் உழைப்பை அங்கீகரிக்க மறுத்த உலகம் அவளுக்குச் செய்த உதவியாக அமைந்தது என்பதை மறக்க வேண்டாம். ஊதியமாக வந்திருக்க வேண்டியது உதவியாக வந்தது.

இதே ஊரில் இன்னொரு படமும் பிறந்தது. ஆனிங், பெலம்னைட் எனப்படும் கணவாய் உறவினப் படிவங்களுக்குள் உலர்ந்த மைப்பைகள் இருப்பதைக் கண்டார். அவருடைய தோழி எலிசபெத் ஃபில்பாட் அந்த உலர்ந்த மையை நீரில் குழைத்தார். 1833இல் மேரி பக்லண்டுக்கு எழுதிய கடிதத்தில், அந்த மையைக் கொண்டே ஓர் இக்தியோசாரின் தலையோட்டை வரைந்து அனுப்பினார். கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த உயிரின் மையால், அதே கடலில் நீந்திய இன்னோர் உயிரின் படம். மையைக் கண்டவர் ஒரு பெண், குழைத்து வரைந்தவர் ஒரு பெண், வாங்கிப் பார்த்தவர் ஒரு பெண். அது சங்கத்தின் முன் வாசிக்க எழுதிய கட்டுரை கிடையாது. தோழிக்கு எழுதிய கடிதம். பெண்களின் அறிவு அடுக்களைக் குறிப்பிலும் கடிதத்திலும் தங்கிப்போனதைப் பற்றி நம் மொழியில் நிறையப் பேசியிருக்கிறோம். அந்தப் பேச்சில் இந்தக் கடிதத்துக்கும் ஓர் இடம் உண்டு.

ஆண்களின் படம் பொதுவெளியில் எப்படிப் பிறந்தது என்பதையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். 1853 டிசம்பர் 31 அன்று லண்டனில், சிற்பி பெஞ்சமின் வாட்டர்ஹவுஸ் ஹாகின்ஸ் தான் செய்துகொண்டிருந்த இக்வனடானின் அச்சுக்குள் ஒரு விருந்து வைத்தார். டைனோசர் என்ற சொல்லை உருவாக்கிய ரிச்சர்ட் ஓவன் முதலான கனவான்கள் அதில் கலந்துகொண்டார்கள். 1854இல் கிரிஸ்டல் பேலஸ் பூங்காவில் திறக்கப்பட்ட அந்தச் சிலைகள் இன்றும் இருக்கின்றன. இக்வனடானின் மூக்கில் ஒரு கொம்பு இருக்கும். உண்மையில் அது கட்டைவிரல் முள் என்பது பெல்ஜியத்தின் பெர்னிசார் சுரங்கத்தில் 1878இல் முழு எலும்புக்கூடுகள் கிடைத்த பிறகு தெளிவானது. விரல் கொம்பானதை நான் பரிகசிக்க மாட்டேன். கையில் இருந்த சான்றைக் கொண்டு செய்த ஊகம் அது. புதிய சான்று வந்ததும் மாறியது. சான்றே இல்லாமல் செய்யப்பட்டு, சான்று வந்தும் மாறாத ஊகங்கள்தான் என் கவலை.

சார்லஸ் ஆர். நைட்டின் ஓவியங்களை அந்த இடத்தில் வைத்துப் பார்க்கலாம். கண்பார்வை மிகவும் குறைந்த இந்த அமெரிக்க ஓவியர், உயிரியல் பூங்காக்களில் விலங்குகளை மணிக்கணக்காகக் கவனித்து வரைந்து பழகியவர். 1897இல் அவர் வரைந்த ‘பாயும் லீலாப்ஸ்’ ஓவியத்தில் ஒரு டைனோசர் அந்தரத்தில் இருக்கிறது. இன்னொன்று மல்லாந்து கிடந்து நகங்களை நீட்டுகிறது. டைனோசர்களை மந்தமான பல்லிகளாகக் கருதிய காலத்தில் இவ்வளவு துடிப்பை யாரும் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள். அந்தப் படம் எனக்குப் பிடிக்கும். சிகாகோ ஃபீல்ட் அருங்காட்சியகத்துக்காக 1920களின் இறுதியில் அவர் தீட்டிய சுவரோவியத்தில் டைரனோசாரஸும் டிரைசெரடாப்ஸும் எதிரெதிரே நிற்கின்றன. ஒரு நூற்றாண்டாக அந்தக் காட்சிதான் புத்தகங்களிலும் பொம்மைப் பெட்டிகளிலும் மறுபடி மறுபடி வரையப்படுகிறது. ஒரு விலங்கின் வாழ்நாளில் சண்டை எவ்வளவு நேரம்? காட்டில் புலியைத் தேடிப்போனவர்களைக் கேட்டால் தெரியும்: படுத்துக் கிடப்பதைப் பார்த்திருப்பார்கள். உறங்குவதும் மேய்வதும் சேற்றில் புரள்வதும் விலங்கு வாழ்க்கையின் பெரும்பகுதி. அதை விட்டுவிட்டு மோதலை மட்டும் வரைந்தால், மோதலே வாழ்க்கை என்றாகிறது. அதற்கேற்ப நாம் சூட்டும் பெயரும் கொடுங்கோல் அரசன் என்ற பொருளில் அமைகிறது.

சண்டை நடக்கவே இல்லை என்று சொல்ல வரவில்லை. 1971இல் கோபி பாலைவனத்தில், ஒரு வெலாசிராப்டரும் ஒரு புரோட்டோசெரடாப்ஸும் பிடியை விடாமலே புதைந்துபோன படிவம் கிடைத்தது. டைனோசர் மோதலுக்கு அதைவிடச் சிறந்த சான்று இல்லை. அதைக் கண்டெடுத்த போலந்து–மங்கோலியப் பயணங்களுக்குத் தலைமை தாங்கியவர் சோஃபியா கீலான்-யாவொரோவ்ஸ்கா என்ற பெண். சான்று இருக்கும் இடத்தில் சண்டையை வரையட்டும். மீதி நாட்களை யார் வரைவது?

சான்று மாறியும் படம் எப்படி மாற மறுக்கிறது என்பதற்கு, அதே கோபி பாலைவனத்திலிருந்து இன்னொரு கதை உண்டு. 1923இல் அமெரிக்கக் குழு ஒன்று அங்கே ஒரு முட்டைக் கூட்டின்மேல் கிடந்த சிறிய டைனோசரைக் கண்டது. முட்டைகள் புரோட்டோசெரடாப்ஸுடையவை என்று நினைத்தார்கள். அப்படியானால் மேலே கிடந்தது திருட வந்ததாக இருக்க வேண்டும். 1924இல் ஹென்றி ஃபேர்ஃபீல்ட் ஆஸ்பர்ன் அதற்கு ஓவிராப்டர், அதாவது முட்டைக் கொள்ளையர் என்று பெயரிட்டார். இந்தப் பெயர் அதன் உணவுப் பழக்கத்தைப் பற்றித் தவறான எண்ணம் தரக்கூடும் என்று அவரே அந்தக் கட்டுரையில் எச்சரித்திருந்தார். எச்சரிக்கையை யாரும் வரையவில்லை. திருடனை வரைந்தார்கள். வாயில் முட்டையோடு ஓடும் திருடன், பின்னால் துரத்திவரும் தாய்: எத்தனை புத்தகங்கள்!

1993இல் அதே வகை முட்டை ஒன்றுக்குள் கரு கிடைத்தது. அது ஓவிராப்டரின் நெருங்கிய உறவினத்தின் கரு. அதே காலத்தில், முட்டைகளின் மேல் கைகளை விரித்து, கோழி அடைகாப்பதைப் போல அமர்ந்தபடியே புதைந்த ஒரு டைனோசரும் கிடைத்தது. பிறகு சிடிபதி என்ற பேரினமாக அறியப்பட்டது அது. அந்தச் சிற்றினத்தின் பெயர், ஹால்ஸ்கா ஓஸ்முல்ஸ்கா என்ற போலந்துப் பெண் ஆய்வாளரின் நினைவாக வைக்கப்பட்டது. 70 ஆண்டுகளாகத் திருடன் என்று வசைபட்ட விலங்கு, தன் சொந்த முட்டைகளைக் காத்துக்கொண்டே செத்திருந்தது.

உடனே படம் மாறியது. எப்படி மாறியது என்பதைக் கவனியுங்கள். அடைகாத்த அந்தப் படிவத்துக்கு ‘பெரிய அம்மா’ என்ற செல்லப்பெயர் வந்தது. திருடன் ஆணாக இருந்தான். முட்டைமேல் அமர்ந்ததும் அம்மா ஆகிவிட்டாள். இரண்டு முடிவுகளுக்கும் எலும்பில் எந்த ஆதாரமும் இல்லை. 2008இல் டேவிட் வரிக்கியோவும் சக ஆய்வாளர்களும் வேறொன்று சொன்னார்கள். உடல் அளவோடு ஒப்பிட்டால் கூட்டில் இருந்த முட்டைகள் மிக அதிகம். இன்றைய பறவைகளில் இந்த அளவு முட்டைகளை அடைகாப்பவை பெரும்பாலும் தந்தையர். முட்டைகளின்மேல் கிடைத்த எலும்புகள் சிலவற்றில், முட்டையிடும் பெண்ணுக்குரிய அந்தத் தற்காலிகத் திசு இல்லை. எனவே அடைகாத்தது அப்பாவாக இருக்கலாம். முட்டையிட்டு முடித்த பெண்ணிடமும் அந்தத் திசு கரைந்துபோகும் என்பதால், இதை முடிந்த முடிவாகக் கொள்ள முடியாது. முட்டைக் கணக்கைப் பற்றியும் எதிர்வாதங்கள் வந்தன. விவாதம் நடக்கட்டும். என் கேள்வி எளியது: 1993இல் அந்த எலும்பைப் பார்த்த நொடியில் ‘பெரிய அப்பா’ என்ற பெயர் ஏன் யாருக்கும் தோன்றவில்லை? ஈமு கோழியில் அடைகாப்பது ஆண். நம் ஏரிகளில் தாமரை இலைமேல் நடந்து திரியும் இலைக்கோழியிலும் முட்டைமேல் அமர்வது ஆண்தான். பெண் அடுத்த இணையைத் தேடிப் போய்விடும். பறவைகளை அறிந்தவர்களுக்கு இது புதிய செய்தி கிடையாது. தெரிந்திருந்தும் தோன்றவில்லை என்றால், தடுத்தது அறிவின் குறை ஆகாது.

இங்கே தமிழ் நமக்கு ஒரு நல்ல கருவியைக் கொடுத்திருக்கிறது. நம் இலக்கணத்தில் விலங்கு அஃறிணை. ‘அது வந்தது, அது அடைகாத்தது’ என்று பால் சொல்லாமலே ஒரு முழுக் கதையையும் சொல்லிவிடலாம். ஆண் பெண் தெரிந்த இடத்தில் சொல்ல வேண்டிய சொற்களும் குறையில்லை. களிறு, பிடி, கலை, பிணை என்று விலங்குகளின் ஆண்பெயர், பெண்பெயர், இளமைப்பெயர்களைத் தொல்காப்பிய மரபியல் வகைப்படுத்தி வைத்திருக்கிறது. பார்த்து அறிந்ததைப் பிரித்துச் சொல்லவும் அறியாததை ‘அது’ என்று விட்டுவிடவும் இந்த மொழிக்குத் தெரியும். ஆனாலும் தமிழில் மொழிமாற்றி வரும் விலங்குப் படங்களில் நான் கேட்பது ‘இவன்தான் இந்தக் காட்டின் ராஜா’ என்ற குரலை. இலக்கணம் தந்த நேர்மையை நாமே கைவிடுகிறோம்.

அதே தமிழ், மனிதருக்கு வரும்போது வேறு முகம் காட்டுகிறது. ஆதிமனிதன், கற்கால மனிதன், குகை மனிதன். ‘ன்’ விகுதி போட்டுவிட்டால் படத்தில் யார் நிற்பார் என்பது முடிவாகிவிடுகிறது. 1965இல் ருடால்ஃப் ஸாலிங்கர் ஒரு புத்தகத்துக்காக வரைந்த, குரங்கு நிலையிலிருந்து இன்றைய மனிதர்வரை வரிசையாக நடந்துபோகும் படத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். சட்டைகளில், விளம்பரங்களில், கேலிச்சித்திரங்களில் அது இல்லாத இடமில்லை. மூலப்படத்தில் 15 உருவங்கள். 15ம் ஆண்கள். பரிணாமம் என்பது ஒரு தலைமுறை அடுத்த தலைமுறையைப் பெற்றெடுப்பதால் நிகழ்வது. பெற்றெடுப்பவர்கள் ஒருவர்கூட இல்லாமல் பரிணாமத்தை வரைந்த படம், பரிணாமத்துக்கே அடையாளமாகிவிட்டது!

1978இல் தான்சானியாவின் லேடோலியில் மேரி லீக்கியின் குழு, ஏறத்தாழ 36 லட்சம் ஆண்டுகள் பழமையான எரிமலைச் சாம்பலில் பதிந்த காலடித் தடங்களைக் கண்டது. பக்கம்பக்கமாக நடந்த பெரிய தடமும் சிறிய தடமும். பெரிய தடத்தின்மேலேயே கால்வைத்து நடந்த மூன்றாமவர். தடம் சொல்வது இவ்வளவுதான். நியூயார்க்கின் அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் 1993இல் திறந்த கூடத்தில் இந்தத் தடங்கள் ஒரு காட்சியாக வடிக்கப்பட்டன. உயரமான ஆண், குட்டையான பெண், அவள் தோள்மேல் அவன் கை. மூன்றாமவர் காணாமல் போனார், தம்பதி தோன்றினார்கள். சாம்பலில் கால் பதியும். தோள்மேல் போட்ட கை பதியாது. பெரிய தடமும் சிறிய தடமும் தாயும் மகளுமாக இருக்கலாம், வயது வேறுபட்ட தோழிகளாக இருக்கலாம், அண்ணன் தம்பியாக இருக்கலாம். காவலனும் காக்கப்படுபவளும் என்ற ஒரே சாத்தியம் மட்டும் கண்ணாடிப் பெட்டிக்குள் வந்தது. இதை மானுடவியலாளர் ஏட்ரியன் ஸில்மன் விமர்சித்து எழுதினார். கற்கால வாழ்க்கைப் படங்களைத் தொகுத்து ஆராய்ந்த டயான் கிஃபோர்ட்-கொன்ஸாலஸ், அவற்றில் பெண் திரும்பத் திரும்ப மண்டியிட்டு, குனிந்து, தோலைச் சுரண்டிக்கொண்டிருப்பதை 1993இல் சுட்டிக்காட்டினார். ஆண்கள் ஓடுகிறார்கள், எறிகிறார்கள், குகைச்சுவரில் வரைகிறார்கள், எதையோ சுட்டிக்காட்டுகிறார்கள். பெண் நிமிர்வதே இல்லை.

2018இல் பெரு நாட்டு மலைப்பகுதியில், விலமாயா பட்ஷா என்ற இடத்தில் 9,000 ஆண்டுகள் பழமையான ஒரு புதைகுழியில் ஈட்டிமுனைகளும் தோல் பதப்படுத்தும் கற்களுமாக 20க்கும் மேற்பட்ட கருவிகள் கிடைத்தன. யாரோ பெருந்தலைவனின் குழி என்றே தோண்டியவர்கள் முதலில் பேசிக்கொண்டார்கள். பல்லின் புரதத்தை ஆராய்ந்தபோது, அது 20 வயதைத் தொடாத இளம்பெண் என்று தெரிந்தது. 2020இல் ஆய்வு வெளியானபோது, அவள் ஈட்டி எறிகருவியோடு விக்குன்யாக்களைத் துரத்தும் ஓவியமும் வந்தது. உலகெங்கும் பெண்கள் அந்தப் படத்தைப் பகிர்ந்துகொண்டார்கள். எனக்கும் மகிழ்ச்சிதான்.

அந்த மகிழ்ச்சிக்குள்ளேயே ஒரு எச்சரிக்கையும் தேவை என்று நினைக்கிறேன். ஆண் வேட்டைக்காரனை அழித்துவிட்டு அதே இடத்தில் பெண் வேட்டைக்காரியை நிறுத்துவதோடு நம் வேலை முடியாது. ஒரு புதைகுழி ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்கிறது. எல்லாப் பெண்களையும் பற்றிச் சொல்லிவிடவில்லை. வேட்டையாடியதால்தான் அவள் மதிப்புக்குரியவள் என்றால், தோல் சுரண்டியவளை நாமும் கீழே தள்ளுகிறோம். அவள் குழியில் ஈட்டிமுனையும் தோல் வேலைக்கான கல்லும் சேர்ந்தே இருந்தன. இரண்டும் ஒரே கையின் வேலை. தோலைப் பதப்படுத்தத் தெரியாமல் மலைக்குளிரில் யாரும் உயிர்பிழைத்திருக்க முடியாது. அதைத் தாழ்ந்த வேலையாக்கியது தோல் சுரண்டிய கை கிடையாது, அதைக் குனியவைத்து வரைந்த கை. டைனோசர்களிலும் இதே பொறி காத்திருக்கிறது. டைரனோசாரஸை ‘ராணி’ ஆக்கி, பிங்க் நிறம் பூசிச் சிறுமிகளுக்கு விற்பதில் எந்த விடுதலையும் இல்லை. அரசன் என்ற கற்பனை அப்படியே இருக்கிறது. கிரீடம் மட்டும் கைமாறுகிறது.

எனக்கு நம்பிக்கை தருவது வேறு ஒரு போக்கு. ஜான் கான்வே, ஸி. எம். கோசமன், டேரன் நைஷ் ஆகியோர் 2012இல் ‘ஆல் யெஸ்டர்டேஸ்’ என்ற புத்தகத்தைக் கொண்டுவந்தார்கள். அதில் டைரனோசாரஸ் தூங்குகிறது. புத்தகத்தின் இரண்டாம் பகுதியில் இன்றைய விலங்குகளை, அவற்றின் எலும்பை மட்டும் வருங்காலத்தவர் கண்டெடுத்தால் எப்படி வரைவார்கள் என்று வரைந்து காட்டுகிறார்கள். பழக்கப்பட்ட விலங்குகள் மெலிந்து, மயிர் உதிர்ந்து, கொடூரமான பூதங்களாகின்றன. எலும்போடு தோலை ஒட்டி, கொழுப்பையும் தளர்ச்சியையும் மறுத்து, எல்லா உடலையும் சதா போருக்குத் தயாராக இறுக்கி வரையும் பழக்கத்தை அந்தப் புத்தகம் கிண்டல் செய்கிறது. இதை எழுதியவர்கள் ஆண்கள். பெண்ணியம் அவர்கள் பேசுபொருளும் இல்லை. ஆனால் கொழுத்த, சோம்பிய, விளையாடும், வேலையற்ற உடலை வரையும் உரிமை என்பது, தன் உடல் எப்படி வரையப்பட்டது என்று கேட்கும் எந்தப் பெண்ணுக்கும் அந்நியமான விஷயம் கிடையாது.

இறுதியாக நமக்கு மிக அருகில் உள்ள ஒரு விலங்கு. அரியலூர்ப் பகுதியில் கல்லமேடு என்ற ஊரின் அருகே மிகப் பெரிய எலும்புகள் கிடைத்தன. யாதகிரி, அய்யாசாமி என்ற இரு நிலவியலாளர்கள் 1980களின் இறுதியில் அதற்கு பிருகத்காயசாரஸ் என்று பெயரிட்டார்கள். பேருடல் கொண்ட பல்லி என்று பொருள். முதலில் அதை ஊனுண்ணி என்று வகைப்படுத்தினார்கள். பிறகு வந்த ஆய்வாளர்கள், நீண்ட கழுத்துள்ள பிரம்மாண்டமான தாவர உண்ணி என்றார்கள். எலும்புகளைத் திரும்ப எடுத்துப் பார்த்து முடிவு செய்ய வழியில்லை. அவை நொறுங்கி அழிந்துவிட்டன. மிஞ்சியவை சில கோட்டோவியங்களும் தெளிவற்ற சில ஒளிப்படங்களும். உலகிலேயே மிகப் பெரிய நிலவிலங்குகளில் ஒன்றாக இருந்திருக்கக்கூடிய ஓர் உயிர், இன்று படமாக மட்டும் எஞ்சியிருக்கிறது.

எலும்பே இல்லாத இந்த விலங்கைத் தமிழில் படிக்கும் மாணவிகள் வரைந்து பார்க்க வேண்டும் என்று எனக்கு ஆசை. வரையும்போது ஒவ்வொரு கோட்டுக்கும் கேளுங்கள்: இது எலும்பிலிருந்து வந்ததா, உறவின விலங்குகளிடமிருந்து வந்ததா, என் வீட்டிலிருந்து வந்ததா? கூட்டின் அருகே ஒன்றை நிறுத்தினால், அதை அம்மா என்று உங்களுக்குச் சொன்னது யார்? தெரியாத இடத்தைத் தெரியாது என்று காட்ட ஒரு வழி கண்டுபிடியுங்கள். கோட்டைப் புள்ளிகளாக விடுங்கள், அல்லது ஒரே விலங்கை மூன்று விதமாக வரையுங்கள். படத்தின் அடியில் எலும்பைக் கண்டவர், தோண்டியவர், ஒட்டியவர், வரைந்தவர் என்று எல்லோருடைய பெயரையும் எழுதுங்கள். உங்கள் பெயரையும் முழுதாக எழுதுங்கள், யாருடைய மகள், யாருடைய மனைவி என்ற அடைமொழி இல்லாமல்.